மூன்று நிமிட என்பிஏ, பல ஆண்டு தைவான்: கல்லூரித் திடலிலிருந்து தொழில்முறைக்கு ஒரு கூடைப்பந்து வீரரின் பாதை

2015 ஏப்ரல் 7ஆம் தேதி. அமெரிக்காவின் சேக்ரமென்டோ நகரில் நடந்த கூடைப்பந்து ஆட்டம் முடிய 16 விநாடிகளே இருந்தன. உள்ளூர் அணியான சேக்ரமென்டோ கிங்ஸ், மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியை வெல்லும் நிலையில் இருந்தது. அப்போது 22 வயது மாற்று ஆட்டக்காரர் ஒருவரைக் கிங்ஸ் அணி களமிறக்கியது. அவருடைய உயரம் 226 சென்டிமீட்டர். பெயர் சிம் புல்லர்.

அந்த 16 விநாடிகளில் அவர் புள்ளி எதுவும் எடுக்கவில்லை. ஆனாலும் உலகின் மிகப் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் மேலும் இரண்டு ஆட்டங்களில் சிறிது நேரம் ஆடினார். மொத்தம் 3 ஆட்டங்கள், ஏறத்தாழ 3 நிமிடம், 2 புள்ளிகள். என்பிஏயில் அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய தொழில் அத்துடன் முடியவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர் சம்பளம் வாங்கி ஆடிய தொழில்முறை வீரராகவே இருந்தார். கல்லூரி விளையாட்டாளர் ஒருவர் தொழில்முறை வீரராகும்போது என்னென்ன நடக்கிறது, எந்தக் கதவு எதனால் திறக்கிறது, எதனால் மூடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை நல்ல உதாரணம்.

குவீன்ஸ்டவுன் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. சிங்கப்பூரின் முதல் துணைநகரம் இது. குடியிருப்பு வட்டாரம் ஒன்றுக்கென நாட்டில் கட்டப்பட்ட முதல் விளையாட்டு வளாகமும் 1970இல் இங்குதான் திறக்கப்பட்டது. வீவக புளோக்குகளுக்கு நடுவே உள்ள கூடைப்பந்துத் திடல்களில் மாலை வேளைகளில் நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். வகுப்பில் எல்லாரையும்விட உயரமாக வளரும் பிள்ளையிடம் “நீ பாஸ்கெட்பால் ஆடலாமே” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட பாதை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உயரம் திறந்த முதல் கதவு

சிம் புல்லர் 1992 டிசம்பரில் கனடாவின் டொரோன்டோ நகரில் பிறந்தார். பெற்றோர் பஞ்சாபிலிருந்து அங்கு குடியேறியவர்கள். டொரோன்டோவை ஒட்டிய பிராம்ப்டன் நகரில் வளர்ந்தார். அவருடைய தம்பியும் ஏழு அடிக்கு மேல் வளர்ந்தவர்.

பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு அமெரிக்காவுக்குச் சென்றார். முதலில் பென்சில்வேனியாவில் ஒரு விடுதிப் பள்ளி, பிறகு மேற்கு வர்ஜீனியாவில் கூடைப்பந்துக்குப் பெயர்பெற்ற ஹன்டிங்டன் பிரெப் பள்ளி. திறமையுள்ள வெளிநாட்டு இளையர்கள் பலர் செல்லும் வழி இது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் ஆட்டக்காரர்களைத் தேடி வருவது இத்தகைய பள்ளிகளுக்குத்தான்.

சேவியர் பல்கலைக்கழகத்தில் சேர முதலில் ஒப்புக்கொண்ட புல்லர், பிறகு மனம் மாறி நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆண்டில் அவர் ஆட்டங்களில் இறங்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது வழக்கமானது. ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது விதி. உடலைத் தயார்படுத்தவோ படிப்பைச் சீராக்கவோ ஓர் ஆண்டு ஒதுங்கி இருந்தாலும், ஆடும் உரிமை குறையாது.

அடுத்த இரண்டு பருவங்களில் அவர் தம் அணியின் தூணாக இருந்தார். 2013, 2014 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், அவருடைய பல்கலைக்கழகம் இடம்பெற்ற மேற்கத்திய வட்டாரப் போட்டியில் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. இரண்டு ஆண்டுகளும் அவருடைய அணி அமெரிக்காவே உட்கார்ந்து பார்க்கும் மார்ச் மாத தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதிபெற்றது. 2013இல் செயின்ட் லூயிஸ் அணியிடம் 64-44 எனத் தோற்றது. 2014இல் சான் டியேகோ ஸ்டேட் அணியுடன் ஆட்டம் கூடுதல் நேரம்வரை போய், 73-69 எனக் கைநழுவியது.

இரண்டு பருவங்களை விட்டுவிட்டு வெளியேறினார்

2014 ஏப்ரலில், கல்லூரியில் இன்னும் இரண்டு பருவங்கள் ஆடும் உரிமை இருந்தும் அதை விட்டுவிட்டு என்பிஏ வீரர் தேர்வுக்குத் தம் பெயரைக் கொடுத்தார் புல்லர். அவருடைய பாதையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

என்பிஏயில் 30 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் இரண்டு சுற்றுகள். ஆக மொத்தம் ஏறத்தாழ 60 இடங்கள். இந்த இடங்களுக்கு அமெரிக்கக் கல்லூரி வீரர்களுடன் உலகெங்கிலும் உள்ள இளம் தொழில்முறை வீரர்களும் போட்டியிடுகிறார்கள். கல்லூரியில் ஆடி, தேர்வுக்குத் தகுதிபெறும் ஆண் வீரர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்தான் என்பிஏ அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

2014 ஜூன் மாதத் தேர்வில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. புல்லரின் பெயர் அவற்றில் இல்லை. அன்றைய விதிகளின்படி கல்லூரி அணிக்குத் திரும்பவும் வழியில்லை. தேர்வுக்குப் பெயர் கொடுத்த மாணவர்கள் மனம் மாறினால் விலகிக்கொள்வதற்கான கெடு, தேர்வுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். தம் மதிப்பைத் தெரிந்துகொண்டு, தேவையென்றால் கல்லூரிக்கே திரும்புவதற்கான அவகாசம் 2016ஆம் ஆண்டிலிருந்துதான் நீட்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் முன்னதாகப் பிறந்ததற்கு அவர் கொடுத்த விலை என்றுகூடச் சொல்லலாம்.

பத்து நாள் ஒப்பந்தம் என்றால் என்ன?

தேர்வில் விடுபட்டவரை 2014 ஆகஸ்டில் சேக்ரமென்டோ கிங்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. அந்த அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அதனால், இது ஆட்டத்துக்காகவா இந்திய ரசிகர்களின் சந்தைக்காகவா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் சந்தை மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. பருவம் தொடங்கும் முன்பே, அக்டோபரில், கிங்ஸ் அவரை விடுவித்தது.

அவர் போய்ச் சேர்ந்த இடம் ரீனோ பிக்ஹார்ன்ஸ். என்பிஏயின் துணை லீக்கில் கிங்ஸ் அணியுடன் இணைந்திருந்த அணி அது. அந்தத் துணை லீக் அப்போது டி லீக் எனப்பட்டது, இன்று ஜி லீக். அந்தப் பருவத்தில் ரீனோ அணி விநோதமான ஓர் ஆட்டமுறையைக் கையாண்டது. நிற்காத ஓட்டம், கண்ட இடத்திலிருந்தெல்லாம் வளையத்தை நோக்கி எறிதல், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்களைக் கூட்டமாக மாற்றுதல். கல்லூரிக் காலத்தில் 160 கிலோவுக்கு மேல் எடை இருந்த ஒருவருக்கு இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் இருக்க முடியாது. ஆனாலும் அவர் தாக்குப்பிடித்தார். ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிகள் எடுத்தார், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் ஏறத்தாழ ஒன்பதைப் பிடித்தார், எதிரணியின் எறிகளில் ஏறத்தாழ நான்கைத் தடுத்தார்.

அதன் பலன்தான் 2015 ஏப்ரல் 2ஆம் தேதி கிங்ஸ் தந்த பத்து நாள் ஒப்பந்தம். என்பிஏ அணிகள் ஜனவரி மாதத்திலிருந்து இத்தகைய குறுகிய ஒப்பந்தங்களைத் தரலாம். காயமடைந்தவருக்குப் பதிலாகவோ, புதியவர் ஒருவரைச் சோதித்துப் பார்க்கவோ அணிகள் இதைப் பயன்படுத்துகின்றன. ஒரே அணி ஒருவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் இப்படித் தரலாம். அதற்கு மேல் அவர் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

இங்கே பணக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் துணை லீக்கில் மேல்தட்டு ஆட்டக்காரரின் சம்பளமே முழுப் பருவத்துக்கும் ஏறத்தாழ 25,000 அமெரிக்க டாலர்தான். கீழ்த்தட்டில் 13,000 டாலர். புதியவருக்கான என்பிஏ பத்து நாள் ஒப்பந்தமோ ஏறத்தாழ 30,000 டாலர். அதாவது, துணை லீக்கில் ஒரு பருவம் முழுவதும் பேருந்திலும் விமானத்திலும் அலைந்து 50 ஆட்டங்கள் ஆடி ஈட்டுவதைவிட, மேலே பத்து நாள் அமர்ந்திருந்தாலே அதிகம் கிடைத்தது. துணை லீக்கில் இருக்கும் ஒவ்வொருவரும் ஏன் அந்தத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

கதவு ஏன் மூடியது?

அந்தப் பருவத்துக்குப் பிறகு புல்லர் என்பிஏ ஆட்டம் எதிலும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் டொரோன்டோவின் துணை லீக் அணியான ராப்டர்ஸ் 905இல் சேர்ந்தார். சொந்த ஊர்ப் பக்கமே ஆடியும் மேலே அழைப்பு வரவில்லை.

இதற்கு அவருடைய உடல் மட்டுமே காரணம் அல்ல, ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. 2015இல் என்பிஏ கிண்ணத்தை வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, உயரத்தைவிட வேகத்தையும் மூன்று புள்ளி எறிகளையும் நம்பியது. மற்ற அணிகளும் அந்த வழிக்குத் திரும்பின. வளையத்துக்கு அடியில் மதில்போல் நிற்பவர் அதற்கு முந்தைய தலைமுறையில் பெரும் சொத்து. புதிய முறையிலோ அவரும் வளையத்தைவிட்டு ஏழெட்டு மீட்டர் வெளியே ஓடிவந்து, எறிபவரை மறித்து, உடனே திரும்பி ஓட வேண்டும். 163 கிலோ உடலைச் சுமந்துகொண்டு ஓர் இரவில் நூறு முறை அப்படி ஓடுவது எளிதல்ல.

2016இல் புல்லர் தைவானுக்குப் போனார். டாசின் டைகர்ஸ் அணியில் தொடங்கி யூலோன், சின்சூ நகரின் ஜேகோ லயனியர்ஸ் எனப் பல அணிகளுக்கு ஆடினார். அங்கு வெளிநாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் குறைவு. ஒவ்வோர் இடமும் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியவருக்குத்தான் கிடைக்கும். உள்ளூரில் உயரமான வீரர்கள் அரிதாக இருந்த இடத்தில், 226 சென்டிமீட்டர் மீண்டும் மதிப்புப் பெற்றது. அமெரிக்காவில் குறையாகப் பார்க்கப்பட்ட அதே உடல், அங்கே பல ஆண்டு வேலையாக மாறியது.

தொழில்முறை விளையாட்டு என்பது ஒரே கதவு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஓரிடத்தில் “போதாது” என்று சொல்லப்பட்டவர் இன்னோர் இடத்தில் அணியின் முதல் ஆளாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்தைத் தேடிப் போக வேண்டும். மொழி தெரியாத ஊரில் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை நம்பி வாழும் மனமும் வேண்டும்.

கல்லூரிக்கே போகாதவரின் கதை

புல்லர் களமிறங்கிய அதே ஆண்டு, 2015 ஜூன் 25ஆம் தேதி, மற்றொரு பஞ்சாபி இளைஞரின் பெயர் என்பிஏ தேர்வில் வாசிக்கப்பட்டது. பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங், 218 சென்டிமீட்டர் உயரம். டாலஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏயில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்.

சத்னாம் 2010இல், 14 வயதில், உபகாரச் சம்பளத்துடன் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி பயிற்சிக் கழகத்துக்குச் சென்றவர். அங்கு போனபோது ஆங்கிலம் தெரியாது. கல்லூரி அணியில் ஆடாமலேயே நேராகத் தேர்வுக்குப் போனார். தேர்வில் இடம் கிடைத்தது, ஆனால் களத்தில் கிடைக்கவில்லை. டாலஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் இருக்கையில் கழிந்தன. என்பிஏ பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு கனடாவின் ஒரு லீக்கில் ஆடினார்.

2019 நவம்பரில் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில், தடைசெய்யப்பட்ட பொருள் அவர் உடலில் இருப்பது தெரியவந்தது. இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. அந்தத் தடைக் காலத்தின் இறுதியில், 2021இல், அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான ஏஇடபிள்யூவில் சேர்ந்தார்.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கல்லூரியின் பங்கு விளங்கும். புல்லருக்கு இரண்டு பருவங்கள் முழுமையாக ஆடும் வாய்ப்பு கல்லூரியில் கிடைத்தது. தோற்றார், வென்றார், பல்லாயிரம் பேர் முன்னிலையில் தவறு செய்து திருத்திக்கொண்டார். சத்னாமுக்கு அந்த ஆட்ட நேரம் கிடைக்கவில்லை. 19 வயதில், தம்மைவிடப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடம் நேராகப் போய் நின்றார். தேர்வில் பெயர் வந்தவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை; பெயர் வராதவர் மூன்று ஆட்டம் ஆடினார், பிறகு தைவானில் நிலைத்தார். பெயர் வாசிக்கப்படும் நாளைவிட, அதற்கு முன் களத்தில் கழித்த நாள்களே கடைசிவரை கைகொடுத்தன.

நம் ஊரில் என்ன நிலை?

சிங்கப்பூரிலும் தொழில்முறைக் கூடைப்பந்து இருந்திருக்கிறது. 2006இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணி முதலில் ஆஸ்திரேலியாவின் தேசிய லீக்கில் ஆடியது. இரண்டு பருவங்களுக்குப் பின் அதிலிருந்து விலகி, 2009இல் ஆசியான் நாடுகளின் அணிகளுக்கெனத் தொடங்கிய ஏபிஎல் லீக்கில் சேர்ந்தது. 2016, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் இறுதிச் சுற்றுவரை சென்றும் கிண்ணம் கைக்கு எட்டவில்லை.

தொழில்முறை எப்படி நடக்கிறது என்பதை அந்த லீக்கில் நேராகவே பார்க்க முடிந்தது. புல்லர் தைவானுக்குப் போனதுபோல், அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி என்பிஏ இடம் கிடைக்காதவர்கள் வெளிநாட்டு வீரர்களாக இங்கு வந்தார்கள். உள்ளூர் வீரர்கள் அவர்களுடன் இடத்துக்குப் போட்டியிட்டார்கள். 2020 மார்ச்சில் கொவிட்-19 பரவியபோது ஏபிஎல் பருவம் பாதியிலேயே நின்றது. லீக் நின்றால் ஆட்டக்காரரின் தொழிலும் நின்றுபோகும். கையில் வேறு படிப்போ வேலையோ உள்ளவருக்கு அது ஓர் இடைவெளி, இல்லாதவருக்கு அது பெரும் பள்ளம்.

உயரம் ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு நம்மவர் உதாரணமும் உண்டு, அதுவும் இதே சிங்கப்பூர் மண்ணில். யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 208 சென்டிமீட்டர் உயரமுள்ள வலைப்பந்து வீராங்கனை. கூடைப்பந்திலிருந்து பிறந்த ஆட்டம்தான் வலைப்பந்து. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்துப் போட்டியில் ஆகச் சிறந்த கோல் வீராங்கனை என்ற பெயர் பெற்றார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கிளப்புகளுக்கும் ஆடினார். 2018இல் சிங்கப்பூரிலேயே நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி சிங்கப்பூரை 69-50 என வென்றபோது, அந்த அணியின் கோல் முனையில் நின்றவர் அவர்தான். ஊரில் கேலிக்கு உள்ளான உயரத்தைச் சரியான ஆட்டத்தில் கொண்டுபோய் வைத்தவர் அவர்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளை நன்றாக ஆடுகிறான், வெளிநாட்டுக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைக்கலாம் என்று யாராவது சொன்னால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையசைக்கவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது, படிப்பு. அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட, பள்ளிப் பாடங்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி தேவை. திடலில் எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. ஆகவே துணைப்பாட வகுப்பை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவது அந்தக் கனவுக்கே எதிரானது.

இரண்டாவது, உபகாரச் சம்பளம் எதையெல்லாம் உள்ளடக்கும், எத்தனை ஆண்டுக்கு? முழுமையானதென்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் அடங்கும். சில இடங்களில் ஒரு பகுதி மட்டுமே. ஓர் ஆண்டுக்கு மட்டும் கொடுத்து, பிறகு புதுப்பிப்பதும் உண்டு. காயம் பட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது, வருமானம். 2021 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பணம் ஈட்டலாம். ஆனால் மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டினருக்கு அங்கு வேலை செய்வதில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. செய்திகளில் வரும் பெருந்தொகைகளை நம் பிள்ளைக்கும் பொருத்திப் பார்க்கக்கூடாது.

நான்காவது, தேசிய சேவை. ஆண் பிள்ளைகளுக்கு 18 வயதையொட்டி வரும் இரண்டு ஆண்டுக் கடமை, கல்லூரி அணிகள் ஆள் தேடும் அதே வயதில் வருகிறது. விளையாட்டுக்காகத் தள்ளிவைக்க அனுமதி கிடைப்பது மிக அரிது. எனவே சேவைக்குப் பிறகு சேரும்போது அங்குள்ள வயது விதிகள் எப்படி என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி பிள்ளையிடம் கேட்க வேண்டியது. பெரிய அரங்கில் இடம் கிடைக்காவிட்டாலும், தெரியாத ஊரில் சிறிய அரங்கில் ஆடுவதற்கு விருப்பம் இருக்கிறதா? புல்லரின் மூன்று நிமிடங்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். தைவானில் அவர் ஆடிய ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் அவருடைய பிழைப்பு நடந்தது அந்த ஆண்டுகளில்தான். அப்படிப்பட்ட வாழ்க்கைக்கும் தயார் என்று சொல்லும் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பலாம், பாடப்புத்தகத்தையும் பையில் வைத்து.